புகுந்த வீட்டுச் சிறுநீரகம்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். மூன்று வருடங்களுக்கு முன் நீ எனக்குக் கொடுத்த சிறுநீரகமும் நலம். நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: உன் 'பொண்ணை'ப் புகுந்த வீட்டில் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கிறேன். மாத்திரைகள் வேளை தவறுவதில்லை. நேற்று மருத்துவமனைக் கேன்டீனில் டீ மிகவும் நன்றாக இருந்தது.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 9

அண்ணா,

இன்னிக்கு என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்க வந்தவர் சுவத்துல முட்டினார். அப்பகூட எனக்கு இவ்வளவு பயம் வரல. நீ டீயைப் பாராட்டியிருக்கே! பொறந்ததுலேருந்து நீ பாராட்டின டீ எது? மாசாமாசம் பண்ற பரிசோதனைதான் முடிஞ்சுதே, மறுபடி எதுக்கு ஆஸ்பத்திரி? என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?

பதைப்போட,
தங்கச்சி

மார்ச் 13

அன்புத் தங்கைக்கு,

எனக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்கு நினைவிருக்கிறது, எனக்குத்தான் மறந்துவிட்டது.

என் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, உன் சிறுநீரகத்தை வெளியாள் என்று கண்டுகொண்டது. அதன் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. சுவர் வீங்கித் தடித்து, இரத்தம் போகும் வழி குறுகுகிறது. இரத்தத்தை வெளியே எடுத்து, தாக்கும் பொருள்களைப் பிரித்துவிட்டுத் திரும்பச் செலுத்த வேண்டுமாம். "இன்னும் என்ன யோசனை சார்? தள்ளிப்போட்டா கிட்னி போயிடும்" என்கிறார் டாக்டரம்மா.

நான் சம்மதம் சொல்லவில்லை. கழுத்தில் குழாய் பொருத்துவார்கள் என்ற பயம். அதைவிட, அப்படியும் பலிக்காமல் போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை, நம்பு. ஆனாலும் என் உடம்பு உன் பெண்ணைப் படுத்துகிறது.

வெட்கத்துடன்,
அண்ணன்

மார்ச் 16

மக்கு அண்ணா,

மாமியார் கொடுமைன்னா முதல்ல பொண்ணு வீட்டுக்குத்தான் சொல்லணும்! கொடுத்தது கொடுத்ததுதான். அது இத்தனை நாள் உழைச்சதே எனக்குப் பெருமை. இதைப் படிச்ச கையோட டாக்டரம்மாவுக்கு போன் போட்டு சரின்னு சொல்லு. வெள்ளிக்கிழமை நான் அங்க இருப்பேன். நான் ஓட்டக் கத்துக்கொடுக்கிற கார்ல என் காலடியில எனக்குன்னு தனி பிரேக் இருக்கும். உன் கட்டில் பக்கத்துல அதுகூட வேண்டாம். நீ என்ன, ஓடவா போறே?

தங்கச்சி

ஏப்ரல் 20

அன்புத் தங்கைக்கு,

கழுத்துக் குழாய்ச் சிகிச்சைக்குப் பிறகு, நேற்று செய்த பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. தாக்குதல் அடங்கியிருக்கிறது. குறுகிய குழாய்கள் பழையபடி விரியாதாம். மிச்சமிருப்பவை நன்றாகவே வேலை செய்கின்றன என்கிறார் டாக்டரம்மா.

இனி என் குறைகள். கேன்டீன் டீ வெறும் கழுநீர். கட்டில் கிறீச்சிடுகிறது. நீ வார்டு முழுக்கக் கேட்கும்படி "நான் பொண்ணு வீட்டுக்காரி" என்று முழங்கியிருக்க வேண்டாம். அதைக் கேட்டுக்கொண்டிருந்த வார்டு நர்ஸ் நேற்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல், பத்துப் பேர் முன்னிலையில் கேட்கிறார்: "சம்பந்தியம்மா மறுபடி எப்ப வர்றாங்க?"

தேதியை எழுது. என்னவென்று பதில் சொல்வேன்?

அன்புடன்,
அண்ணன்