நாலு மூலை முகம்

மே 9, வெள்ளி

இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. துடைத்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலுக்கு ஷேர் ஆட்டோ.

நேற்று மகள் கவிநிலாவுக்கு பிளஸ் டூ ரிசல்ட். நல்ல மார்க். சாயங்காலம் மூன்று பேரும் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டோம். அதை இன்று ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். கலெக்டர் ஆபீஸில் என் பக்கத்து சீட் அன்பரசன் அதை என் போனில் பார்த்துவிட்டு, "மேடம், போட்டோல வேற யாரோ மாதிரி இருக்கீங்களே" என்றார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கவிநிலாவின் தாடை வெற்றிலை நுனி மாதிரி கூராக இருந்தது. சரி, பிள்ளைகள் ஏதோ ஆப் வைத்து விளையாடுகிறார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் என் தாடையும் அதே மாதிரி! பெற்ற தாயையும் சேர்த்துச் சீவிவிட்டிருக்கிறாள். என் வீட்டுக்காரர் சகாதேவன் மட்டும் உள்ளது உள்ளபடி, தொப்பையோடு.

சிரித்தேன். மதியம் வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் ஏனோ இல்லை.

மே 10, சனி

எனக்கும் அவளுக்கும் ஒரே முகம். நெற்றி எவ்வளவு அகலமோ தாடையும் அவ்வளவு. நாலு மூலையும் சுத்தமாகத் தெரியும். என் அப்பாவிடமிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை 'பெட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன். அதற்காக அழுததாக ஞாபகமே இல்லை. இவள் அழுகிறாளோ?

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி கிரிவலம். ஊருக்குள் ஒரு வண்டியையும் விடவில்லை. ஆபீஸிலிருந்து நடந்தே வந்தேன், எதிரே வருகிற அத்தனை ஜனத்தையும் இடித்துக்கொண்டு.

வீட்டில் கவிநிலா போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துத் தன்னைத்தானே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டக்கென்று அழித்தாள். விசாரித்தேன். சென்னையில் ஒரு கல்லூரி, பத்திரிகைத் துறைப் படிப்பு. விண்ணப்பத்தோடு ஒரு சின்ன வீடியோ அனுப்ப வேண்டுமாம். முகம் முழுசாகத் தெரிய வேண்டும், எந்த ஃபில்டரும் கூடாது. இந்த மாதக் கடைசிக்குள்.

"பேசறதுக்கு உனக்கா பயம்?"

"பேசறதுக்கு இல்லமா. மூஞ்சிக்கு."

பேச்சுப் போட்டி மேடையில் இவளிடமிருந்து மைக்கைப் பிடுங்க ஆள் வேண்டும். ஆனால் இப்போதுதான் யோசிக்கிறேன்: எந்த மேடையிலும் இரண்டு கன்னத்திலும் முடியைத் திரை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டுதான் பேசியிருக்கிறாள். ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஷார்ட்டா வெட்டிக்கிட்டா நல்லா இருக்கும்னு தோணுது. ஆனா தப்பாயிடுச்சின்னா? ஒட்ட வைக்க முடியாதே" என்றாள்.

வாய் சும்மா இருக்காமல், "சரி, மொதல்ல எனக்கு வெட்டிப் பாக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே. நல்லா இருந்தா நீ வெட்டிக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

கட்டிப்பிடித்துக்கொண்டாள். இடுப்பு வரைக்கும் இருக்கிற என் முடியை இப்போது தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். நான் இன்னா சொல்லித் தொலைச்சேன்?

மே 14, புதன்

ஆபீஸ் விட்டு வந்ததும் வீடியோ பார்ப்பதே வேலை. சதுர முகத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்று உலகத்தில் இவ்வளவு பேர் பேசிக்கொண்டிருப்பது தெரியாமல் இத்தனை நாள் வாழ்ந்துவிட்டேன்.

புரிந்த வரைக்கும்: முடி சரியாகத் தாடை கிட்டே வந்து நிற்கக் கூடாது. ஒன்று அதற்கு மேலே நிற்கணும், இல்லை கீழே இறங்கிடணும். நெற்றியில் ஸ்கேல் வைத்து வெட்டின மாதிரி நேராக வெட்டக் கூடாது, ஏற்கெனவே முகத்தில் நேர்கோடு ஜாஸ்தி. நடு வகிடு வேண்டாம், பக்க வகிடு. உச்சியில் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் முகம் நீளமாகத் தெரியும். ஓரமெல்லாம் படிப்படியாக, பூப்போல.

"பூப்போலன்னா எந்தப் பூ?" என்றார் இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். பெயிண்ட் கடைக்காரர், இளம் பச்சையிலேயே எட்டு வகை சொல்வார். எல்லாம் துல்லியமாக வேண்டும் அவருக்கு.

மே 17, சனி

போச்சு.

மெயின் ரோட்டில் புதிதாக ஏசி போட்ட பார்லர். கவிநிலா சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள், அவள் வரும்வரைக்கும் பொறுத்திருக்கலாம். என் அவசரம். போனில் இருந்த படங்களைக் காட்டினேன். அந்தப் பெண் நன்றாகத்தான் தலையாட்டினாள். "இது பாப் கட் மாதிரிதான் மேடம், இப்ப எல்லாரும் அதான் கேக்கறாங்க." நானும் தலையாட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னாள். கழற்றிவிட்டால் எனக்கு எதிரே இருப்பது மனுஷியா மரமா என்றே தெரியாது. முடி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் இஸ்திரி போடுகிற மாதிரி ஏதோ சூடாக வைத்து நீவிவிட்டாள்.

கண்ணாடியை மாட்டினேன்.

சரியாகத் தாடைக்கு நேரே. கத்தி மாதிரி ஒரே கோடு. நெற்றியிலும் ஒரே கோடு. எதுவெல்லாம் கூடாதோ அதுவெல்லாம் ஒன்றுவிடாமல். ஜன்னலுக்குச் சட்டம் அடித்த மாதிரி நடுவில் என் முகம்.

வீட்டில் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். இவர் உள்ளே வந்து, "வாங்க, ஒக்காருங்க. ரேவதி இல்லீங்களா?" என்றார்.

திரும்பினேன்.

கையிலிருந்த சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, "வளந்துடும்" என்றார். சாப்பிடும்போது இன்னொரு தடவை. "முடிதானே. வளந்துடும்."

மே 18, ஞாயிறு

வெளியே போகவில்லை. பால்காரரிடம்கூடக் கதவைப் பாதிதான் திறந்தேன்.

மே 19, திங்கள்

ஆபீஸ். அன்பரசன் பதறிப்போய், "மேடம், ஏதாச்சும் வேண்டுதலா?" என்றார். இந்த ஊரில் பெண்பிள்ளை தலையில் முடி குறைந்தால் சாமிக்கு என்றுதான் அர்த்தம். "ஆமாங்க, பாதி வேண்டுதல்" என்றேன். நம்பிவிட்டார்! எந்தக் கோயில் என்று வேறு கேட்கிறார்.

மே 20, செவ்வாய்

இன்று சிரிக்க ஒன்றும் இல்லை.

கவிநிலா சனிக்கிழமையிலிருந்து என் முகத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தாள். "வீடியோ எப்படி போவுது?" என்றேன். "அனுப்பல. அந்தக் காலேஜே வேணாம்." ஏன் என்றதற்கு ஒரே வெடிப்பு. "உன்னைப் பாத்ததும்தான்மா தெரிஞ்சுது. முடி இல்லன்னா நாம இப்படித்தான் இருப்போம். எனக்கு இந்த மூஞ்சி வேணாம்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் இன்னா பண்ணேன்? இந்த மூஞ்சிய நானா செஞ்சி குடுத்தேன்? அவளுக்காகத்தானே போய் ஒக்காந்தேன் — எனக்கு இன்னா தலையெழுத்தா? 'நாம'ன்னு சொன்னாளே. அவ மூஞ்சி வேணாம்னா என் மூஞ்சியும்தானே வேணாம்? நாப்பத்து மூணு வயசுக்கு அப்புறம் இது எனக்குத் தெரியணுமா?

இவரிடம் சொன்னேன். "இந்த மூஞ்சி வேணாம்னா இருபது வருஷத்துக்கு முன்னாடி உங்க வூட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்திருப்பேனா?" என்றார். பேப்பரைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

மே 22, வியாழன்

துப்பட்டாவைத் தலையில் போர்த்திக்கொண்டு மார்க்கெட் போனேன். வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல். "ஏய், பெட்டி!"

திரௌபதி. பள்ளிக்கூடத்தில் எனக்கு அடுத்த பெஞ்ச். எத்தனையோ வருஷம் ஆயிற்று. தலையை மூடியிருந்தும் எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். "மூடினா இன்னாடி? அந்தத் தாடைய எங்க பாத்தாலும் தெரியுமே" என்று சொல்லி, துப்பட்டாவை விலக்கிப் பார்த்தவள், வெண்டைக்காய்க்காரர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "இன்னாடி பண்ணி வச்சிருக்க!"

செங்கம் ரோட்டில் வீட்டு முன்ரூமிலேயே பார்லர் வைத்திருக்கிறாளாம். நான் எல்லாவற்றையும் நடுமார்க்கெட்டில் நின்று சொல்லித் தீர்த்தேன். அவள் யோசித்துவிட்டு, "நெசத்த சொல்றேன், நமக்குக் கல்யாணப் பொண்ணு கொண்டை, ஃபேசியல் இதான் பொழப்பு. இவ்ளோ ஷார்ட்டா நான் ரெண்டு மூணு பேருக்குத்தான் வெட்டிருக்கேன். வா, மெதுவா பாக்கலாம். பொண்ணையும் இட்டுக்கினு வா" என்றாள்.

மே 24, சனி

கவிநிலா வரமாட்டேன் என்றாள். "ஆட்டோல ஒக்காந்துனு வா, உள்ள வராத" என்றேன். வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கினாள். உள்ளேயும் வந்தாள்.

திரௌபதி முதலில் கத்தரியையே எடுக்கவில்லை. என் முடியை இரண்டு கையாலும் அள்ளிப் பின்னால் பிடித்தாள். முகம் முழுசாக வெளியே. எனக்கே கூச்சமாக இருந்தது. "மறைக்கணும்தானே வந்தோம்?" என்றேன்.

"எதை வச்சு மறைப்ப? இருக்கறதே ஒரு சாண்" என்றாள். முடியை மேலே தூக்கினாள், இறக்கினாள், பக்கவாட்டில் தள்ளினாள். அவளுக்கும் பிடிபடவில்லை. அப்போது மூலையில் நின்றிருந்த கவிநிலா, "ஆன்ட்டி, அங்கயே நிறுத்துங்க. உச்சில கொஞ்சம் தூக்குங்க. முன்னாடி மட்டும் அந்தப் பக்கமா சாயட்டும்" என்றாள்.

திரௌபதி தூக்கினாள். மூன்று பேரும் கண்ணாடியைப் பார்த்தோம்.

அப்புறம் வேலை ஓடியது. கொஞ்சம் வெட்டுவாள், நிறுத்துவாள், "போதுமா பாப்பா?" என்று அவளைக் கேட்பாள். "காதுகிட்ட நேரா வேணாம் ஆன்ட்டி, பிசிர் பிசிரா." என் தலை, என்னை யாரும் கேட்கவில்லை. இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லி, காதுப் பக்கம் வெட்டும்போது மட்டும் கையில் பிடித்துக்கொண்டேன்.

பின்கழுத்தில் ஒட்ட வெட்டியிருந்தாள். உச்சியில் லேசாக எழும்பி, முன்முடி வலது நெற்றியிலிருந்து சரிந்து இடது கன்ன எலும்பில் வந்து கலைகிறது. காதுக்கு முன்னால் இரண்டு கீற்று. தாடையை எதுவும் மறைக்கவில்லை. அது அப்படியே இருக்கிறது. ஆனால் முதல் தடவையாக அது முகம் முழுவதையும் தாங்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. கண் பெரிதாகத் தெரிந்தது. எனக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பது இன்றுதான் தெரியும்.

"ம்மா" என்றாள் கவிநிலா. துடைப்பத்தை வாங்கி, கீழே கிடந்த முடியை அவளே பெருக்கினாள்.

மே 25, ஞாயிறு

இவர் இன்று தெரிந்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என்னைப் பைக்கில் கூட்டிப்போனார். போகிற வழியெல்லாம் பைக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டே வந்தார். பின்னால் வருகிற வண்டிக்கு என்று நினைத்தேன். வண்டியே வரவில்லை.

மே 28, புதன்

திரௌபதியிடம் சனிக்கிழமைக்குச் சொல்லி வைத்துவிட்டேன், கவிநிலாவுக்கு வெட்ட. காலையில் சாப்பிடும்போது சொன்னேன். தயிரைப் பிசைந்துகொண்டே, "எனக்கு வேணாம்மா. நான் வெட்டிக்கல" என்றாள்.

"ஏன்? நல்லா இல்லியா?"

"உனக்கு ரொம்ப நல்லா இருக்கு. எனக்கு என் முடி புடிக்கும்."

வந்ததே கோபம். "அப்ப என் முடி? இடுப்பு வரைக்கும் இருந்ததுடி!"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு வேறு வழியில்லாமல் நானும்.

சாப்பிட்டு முடித்ததும் முடியை வாரி உச்சியில் இழுத்துக் குதிரைவால் போட்டாள். ஜன்னல் பக்கம் நின்றாள். என்னைப் போனைப் பிடிக்கச் சொன்னாள். கை ஆடுகிறது என்று திட்டினாள். "வணக்கம், என் பெயர் கவிநிலா. திருவண்ணாமலையிலிருந்து பேசுகிறேன்." நாலு மூலையும் வெளிச்சத்தில் பளிச்சென்று.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மே 29, வியாழன்

அனுப்பிவிட்டாள்.

ஜூன் 18, புதன்

இடம் கிடைத்துவிட்டது! இவர் கடையில் எல்லாருக்கும் டீ. ஹாஸ்டலுக்கு வாளி, மக்கு, தலையணை உறை — இனி எல்லாம் ஓட்டம்தான்.

ஜூலை 6, ஞாயிறு

விட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸில் இவர் தூங்குகிற மாதிரி நடித்தார்.

ஜூலை 12, சனி

வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. காலையிலேயே சமையல் முடிந்தது. மூன்று பேருக்கு வைத்துவிட்டேன்.

மதியம் செங்கம் ரோடு போனேன். திரௌபதி ஒரு கல்யாணப் பெண்ணை முடித்து அனுப்பிவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். என் பின்கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"நல்லா வளந்துடுச்சே. பாப்பாவுக்காகத்தானே வெட்டின? அவதான் போயிட்டாளே. இப்படியே வுட்டுடு, அடுத்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குள்ள சடை போடற அளவுக்கு வந்துடும்."

எதிரே கண்ணாடியில் பார்த்தேன். காதுக்கு மேலே முடி வந்து மூட ஆரம்பித்திருந்தது.

"ஜாஸ்தியா இருக்குடி. இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணு" என்றேன்.