அக்கா, உன் வாதாமரத்தை வெட்டச் சொன்னது நான்தான்

என் வசந்தா அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு நான் எதுவும் எழுதியதில்லை. நல்ல சேதி ஏதாவது இருந்தால் உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிடுவேன். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நம் தெருவுக்குப் பின்னாலிருக்கிற சத்திரத்துத் தோட்டத்தைச் சரிபண்ணிவிட்டோம், அக்கா. கோயிலுக்கு வருகிறவர்கள் தங்க எந்தக் காலத்திலோ கட்டிய சத்திரம், அதற்கென்று ஒரு தோட்டம், ஒரு கிணறு. திருவள்ளூருக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டிய இடம். நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து குப்பைமேடுதான். கிழிந்த மெத்தை, உடைந்த சிங்க், கட்டடம் இடித்த மண், எல்லாம் நம் தெரு கொட்டியதுதான். போன மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் வீடுகளுக்குள் வந்தபோதுதான் எல்லோருக்கும் புத்தி வந்தது. சத்திரத்துக்காரர்களிடம் பேசி அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு மண்வெட்டியோடு இறங்கினோம். கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனதிலிருந்து நான் சத்தமாகப் பேசுகிறேன் அல்லவா? என்னையே முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

உன் வாதாமரம் கிணற்றை ஒட்டி நின்றது. உன் மகள் மீனா காய்ச்சலில் கண்மூடிய வருஷம் நீ வைத்த மரம். அவளுக்காக வைத்தேன் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. நாலு வயசுப் பெண்ணைப் பறிகொடுத்தவள் சாயங்காலமானால் ஒரு குடம் தண்ணீரோடு அந்த உடைந்த கேட்டுக்குள் நுழைந்தால், சொல்லித்தான் தெரியவேண்டுமா?

ஒருமுறை உன்னைத் தேடிக்கொண்டு வந்தேன். "குப்பையில போய் இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்கே? பாம்பு கீம்பு இருக்கப்போவுது, எழுந்து வாக்கா" என்றேன். நீ எழுந்திருக்கவில்லை. "ஊட்ல இருந்தா யாராவது ஆறுதல் சொல்ல வந்துடுறாங்கடி. இங்க யாரும் வர்றதில்ல" என்றாய்.

இப்போது அங்கே எல்லோரும் வருகிறார்கள், அக்கா.

கிணற்றைத் தூர்வார இறங்கிய மேஸ்திரிதான் வந்து சொன்னார். "யம்மா, மரத்து வேரு கெணத்துக்குள்ள பூந்துக்கினு இருக்குது. செவுரு ஒரு பக்கம் சாஞ்சிடுச்சு. ஒண்ணு மரத்த எடுக்கணும், இல்ல கெணத்த மூடணும். ரெண்டையும் வெச்சுக்கினு புள்ளைங்கள உள்ள உட முடியாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உங்க அக்கா வெச்ச மரம். நீ இன்னா சொல்றியோ அதான்" என்றார்கள்.

கிணற்றை மூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் தண்ணீர் இல்லாமல் அடுத்த கோடையில் செடியெல்லாம் காய்ந்துபோகும், ஆள் வருவது நிற்கும், மறுபடி குப்பை விழும். அப்படித்தான் யோசித்தேன். "மரத்த எடுத்துடுங்க" என்று சொன்னபோது என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. யோசித்ததில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என்னை அரிப்பது அதுவல்ல.

நான் மாமாவிடம் சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரர், மீனாவைப் பெற்றவர், அந்த மரத்துக்கு உன்னைவிட்டால் அவர்தானே உறவு? அவர் ஆர்.கே.பேட்டையில் தன் அண்ணன் வீட்டு அறுப்புக்குப் போயிருந்தார். வரும்வரை பொறுத்திருக்கலாம். மழைக்கு முன்னால் கிணற்றுச் சுவரைக் கட்டவேண்டும் என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அவர் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று பயம். அழுதுவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம். அதனால் அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து மேஸ்திரியிடம், "நாளைக்கே முடிச்சிடுங்க" என்றேன்.

நானாவது பக்கத்தில் நின்றேனா? அதுவும் இல்லை. லீவு போட்டிருக்கலாம், போடவில்லை. வழக்கம்போல் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கவரைப்பேட்டை வரும்போது மேஸ்திரியின் போன் வந்தது. எடுக்காமல் பையில் போட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது மரம் இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம். கட்டையெல்லாம் வண்டியில் போய்விட்டிருந்தது. "ஒரு துண்டாவது எடுத்து வெச்சுக்கிறீங்களான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்" என்றார் மேஸ்திரி.

மறுநாள் மாமா வந்துவிட்டார். வீட்டுக்குக்கூடப் போகாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த பையைத் தோளில் மாட்டியபடியே தோட்டத்தில் நிற்பதாகச் சொன்னார்கள். ஓடினேன்.

"மாமா, வேரு கெணத்துக்குள்ள..."

"மேஸ்திரி சொன்னாரும்மா."

"நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன் மாமா."

"நான் ஏன் வேணாங்கிறேன்? புள்ளைங்க வெளையாடுற எடம்." குனிந்து அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்து நின்னுக்கினு இருந்திருப்பேன். பாப்பாவ எடுத்துக்கினு போவும்போது நான் இருந்தேன். வசந்தாவ எடுத்துக்கினு போவும்போதும் இருந்தேன். இதுக்கு மட்டும் இல்லாம போய்ட்டேனே, கஸ்தூரி" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், அக்கா. அவர் கோபப்படவேயில்லை.

தோட்டம் திறந்த அன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கிணற்றுக்கு வலை போட்டு மூடியிருக்கிறோம், எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிகிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், வேலைக்குப் போய்வந்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்து பேசுகிறார்கள். "உங்க அக்கா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்று ஒருவர் சொன்னார். படுவாயா? எனக்குத் தெரியவில்லை. சால்வையை வீட்டுக்கு எடுத்துவந்து பீரோவின் அடியில் திணித்துவிட்டேன்.

ஒரு பெஞ்சு போட்டு உன் பெயரையும் மீனாவின் பெயரையும் எழுதலாம் என்று தெருவில் கேட்டார்கள். இந்த முறை நேராக மாமாவிடம் போனேன். "வேணாம்மா. படிக்கிறவங்கல்லாம் உச்சுக்கொட்டுவாங்க. அவளுக்குப் புடிக்காது" என்றார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "மரத்த வெட்டினத அவகிட்ட நீதான் சொல்லணும். என்னால முடியாது."

சொல்லிவிட்டேன், அக்கா.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் "போடி பைத்தியம்" என்று உடனே கொடுத்துவிடுவாய். அவ்வளவு சுலபமாக எனக்கு அது கிடைக்கக்கூடாது. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உன் துணிமணி, மீனாவின் சின்னக் கொலுசு, நீ விட்டுப்போன எதுவானாலும் இனி மாமாவைக் கேட்காமல் என் கை படாது. அவர் அழுதாலும், அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கஸ்தூரி