ஆறாம் கியரில் சம்பந்தி

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து மழை. மொட்டைமாடிக் குழாயில் இலை அடைப்பு. குச்சி விட்டுக் குத்தியதில் குச்சியும் உள்ளே போய்விட்டது.

பதினொரு மணிக்கு வாசலில் கார். கல்யாணத்துக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த வெள்ளை டர்போ. தங்கை செல்வி இறங்கினாள், இரண்டு பைகளோடு. ஓட்டிவந்த மாப்பிள்ளை தினேஷ் சாவியை என் கையில் வைத்தார். டீ வேண்டாமாம்.

"இன்ஜின் தட்டுது மச்சான். அப்பா போன் பண்ணுவாரு."

பஸ்ஸுக்குப் போய்விட்டார். சொன்னபடியே அவர் அப்பா போன் பண்ணினார். சம்பந்தி, நெம்மேலி. விவசாய நிலத்தை பிளாட் போட்டு விற்று, அந்த பிளாட்டுகளுக்கு நடுவிலேயே மாடிவீடு கட்டிக்கொண்டவர். இனி இந்த நோட்டில் ச. மட்டும். முழுப் பெயருக்கு மை வீண்.

"வண்டிய செரி பண்ணு. ஆவலன்னா இத்த குடுத்துட்டு பெருசா ஒண்ணு எடுத்துக் குடுத்துடுங்க. உங்க பொண்ணு அதுலயே வரட்டும்."

முதலில் கார், பிறகு அதில் ஏறிப் பெண். வரிசை தெளிவு.

கல்யாணப் பேச்சில் இதே மனிதர்: "எங்களுக்கு ஒண்ணும் வாணாம். உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறீங்க." அடுத்த வாரமே போன். எந்த மாடல், எந்த நிறம், பின்கதவில் டர்போ என்ற எழுத்து இருக்குமா. துறவிகளில் இப்படியும் ஒரு வகை.

நவம்பர் 10, திங்கள்

அரை நாள் லீவு. கார் தொழிற்சாலையில் என் வேலையே இதுதான். வண்டியின் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி சொல்வதை, போகும் வழியோடு சேர்த்து, ஒரு சின்னப் பெட்டி எழுதிக்கொள்ளும், நான் படிப்பேன். மனிதர்களைப் படிப்பதைவிட மேல். பெட்டி குடும்பப் பெருமை பேசாது.

எங்கள் அப்பாவுக்கு விளக்கியது: தட்டுவது என்றால் பெட்ரோல் முறை தவறித் தானாக வெடித்து, பிஸ்டனைச் சுத்தியல் மாதிரி அடிப்பது. அதைக் கேட்பதற்கென்று இன்ஜினில் ஒரு சென்சார். கேட்டதும் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், பதிவில் தட்டலுக்கென்று இருக்கும் கட்டத்தில் மைனஸ் விழும். விழுந்துகொண்டே இருந்தால் ஒருநாள் பிஸ்டன் உடையும்.

திருக்கழுக்குன்றம் வரை ஓட்டினேன். மெதுவாக, வேகமாக, மேட்டில், ஏசி போட்டு, போடாமல். கட்டம் முழுக்கப் பூஜ்யம். போனில் சொன்னேன்.

"இன்ஜினு லடலடன்னு அடிச்சிகினு கீது. நீ கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லன்ற. இன்னா படிச்ச நீ?"

ச.வின் கண்டுபிடிப்புகள், சொன்ன வரிசையில்:
– எங்கள் ஊர் செங்கல்பட்டு பெட்ரோல்.
– டெலிவரி எடுத்த நேரம்.
– மாலை.

மாலை என்பது திருவிடந்தைக் கோயிலில் செல்விக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று வேண்டி வாங்கியது. வீட்டில் வைத்திருந்து, கல்யாணமானதும் புருஷனும் பெண்டாட்டியுமாக எடுத்துப்போய்க் கோயிலில் சேர்க்க வேண்டும். இன்னும் எங்கள் பூஜையறை ஆணியில் சருகாகத் தொங்குகிறது. அவர்கள் வீட்டிலிருந்து கோயில் கொஞ்ச தூரம்தான். எட்டு மாதமாக மாப்பிள்ளைக்கு நேரமில்லை.

"அத்த சேக்காம வூட்ல வெச்சிகினா வண்டி தட்டாம இன்னா பண்ணும்?"

அப்பா பீரோவைத் திறந்தார், மூடினார். வீட்டுப் பத்திரம் அதில்தான். "பேங்க்ல வெச்சா பெரிய வண்டி வாங்கற அளவுக்குக் குடுப்பானா?" என்றார். ரயில்வேயில் காலமெல்லாம் சிக்னல் பார்த்தவர். சிவப்பு மட்டும் தெரியவில்லை.

செல்வி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏதாவது சொல்லேன்."

"சொன்னதாலதான் இங்க இருக்கேன்."

"என்ன சொன்ன?"

"நீ மொதல்ல கண்டுபுடி. நான் சொன்னா யாரு நம்பறாங்க."

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

அவர்கள் ஓட்டினால்தான் தட்டுகிறது என்றால் அவர்களே ஓட்டட்டும். சாயங்காலம் வண்டியை நெம்மேலியில் விட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே பெட்டியைக் காட்டினேன். "நாலு நாள் இருக்கட்டும் மாமா. எல்லாத்தையும் எழுதிக்கும். கழட்டிடாதீங்க."

ச.வுக்கு ஏக சந்தோஷம். "எழுதட்டும்பா! அப்பவாச்சும் உங்களுக்கு புத்தி வரும்."

சீட்டுகளில் ஷோரூம் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரியவில்லை. கண்ணாடியெல்லாம் தூசி. பின்கதவில் டர்போ என்ற எழுத்து மட்டும் பளபளப்பு. தினமும் துடைக்கிறார்கள் போல.

செல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்கள்: யாரும் இல்லை. "வாட்டர் வாஷ் பண்ணிட்டீங்களா மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே.

நவம்பர் 15, சனி

அம்மா மாத்திரை. கேஸ். குழாயில் அந்தக் குச்சி, இன்னும்.

மாப்பிள்ளை வண்டியை வாசலில் விட்டுப் போனார். உள்ளே வரவில்லை. பதிவைத் திறந்தேன். மைனஸ், மைனஸ், மைனஸ். கட்டத்துக்கு அம்மை போட்டதுபோல. பக்கத்துக் கட்டங்களைப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே கதை: ஆறாம் கியர். வேகம் நாற்பதுக்கும் கீழே. இன்ஜின் சுற்ற மனமில்லாமல் சுற்றுகிறது. ஆக்ஸிலேட்டர் மட்டும் தரைவரை மிதி. டர்போ காற்றைத் திணிக்கிறது, இன்ஜினால் நகர முடியவில்லை, பெட்ரோல் தானாக வெடிக்கிறது.

செல்வி காபியோடு வந்து திரையில் விரல் வைத்தாள்.

"இது எங்க ஊரு ஸ்பீடு பிரேக்கர்ணா. இது பூஞ்சேரி திருப்பம்."

"மேப்பே பாக்காம எப்படித் தெரியும்?"

"எட்டு மாசம் பின்சீட்டுல உக்காந்தவளுக்குத் தெரியாதா? மாமா முன்னாடி உக்காந்துகினு, ஆறுல போட்றா, ஆறுல போட்றா, இல்லன்னா பெட்ரோல் குடிக்கும்னு சொல்லிகினே வருவாரு. ஸ்பீடு பிரேக்கர்ல ஸ்லோ ஆனாலும் இவரு கியர கொறைக்க மாட்டாரு. கால அமுக்குவாரு. லடலடன்னு அடிக்கும்."

"நீ சொல்லலியா?"

"ரெண்டுல போடுங்க, ஈசியா ஏறும்னேன். பொம்பளைக்கு கியர பத்தி இன்னா தெரியும்னாரு மாமா. மரியாதை இல்லன்னாரு. இவரு ரோட்டையே பாத்துகினு இருந்தாரு. மறுநாளு கொண்டாந்து வுட்டுட்டாங்க."

ஆக, இன்ஜினோடு சேர்த்துப் பழுதுபார்க்க அனுப்பப்பட்டவள் இவள்.

ஊருக்குக் காட்ட டர்போ, ஓட்டுவதற்கு மொபெட் மனசு. கோளாறு இருக்கும் இடம்: முன்சீட், இடது பக்கம். உதிரிபாகம் கிடைக்காது.

நவம்பர் 16, ஞாயிறு

தூறல். மத்தியானம் ச.வும் மாப்பிள்ளையும் பைக்கில், மழைக்கோட்டோடு. சோபாவை நனைத்தார்கள். லேப்டாப்பில் காட்டினேன்.

"இன்னா நைனா, என் வாயாலதான் வண்டி தட்டுதுன்றியா?"

"ஆறாவது கியரால. அதைப் போடச் சொன்னது யாருன்னு பெட்டி எழுதல."

"மைலேஜி வாணாமா?"

"மைலேஜ்தான் வேணும்னா டர்போ எதுக்குக் கேட்டீங்க?"

"அண்ணாத்த வூட்ல கீது. நம்ம வூட்ல இல்லன்னா நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

மாப்பிள்ளையிடம் திரும்பினேன். "ஓட்டினது நீங்க. நீங்க சொல்லுங்க மாப்ள."

"அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு மச்சான்."

முப்பத்தோரு வயது. காலும் அப்பாவுடையது, வாயும் அப்பாவுடையது. சொந்தமாக மழைக்கோட்டு மட்டும்.

ச. யோசித்தார். முகம் மலர்ந்தது. "செரி, வுடு. கியருதான் பேஜாருன்னா கியரு போடவே வாணாம். ஆட்டோமேட்டிக்கா ஒண்ணு மாத்திக் குடுத்துடுங்க. பெருசாவே பாருங்க."

எனக்கு உண்மையில் ஒரு வகை மரியாதையே வந்தது. இவ்வளவு தூரம் வெட்கத்தைத் தாண்டிப் போக நமக்கெல்லாம் வராது.

அப்பா எழுந்து பீரோப் பக்கம் நடந்தார்.

"அப்பா, உக்காருங்க." செல்வி. மேஜையிலிருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டாள். "ஆர்சி புக்கு என் பேர்ல கீது மாமா. இந்த வண்டிய யாரும் மாத்தப் போறதில்ல. பத்திரமும் பீரோவ வுட்டு வராது."

பிறகு புருஷனைப் பார்த்து, சாதாரணமாக: "நான் ஓட்டறேன். பக்கத்துல உக்காந்து வரீங்களா?"

மாப்பிள்ளை தன் அப்பாவைப் பார்த்தார். ச. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். செல்வி அவசரப்படாமல் பூஜையறைக்குப் போனாள், பையோடு வந்தாள், செருப்பு மாட்டிக்கொண்டாள். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது.

"பொண்ணை வளத்த லட்சணம்" என்றார் ச. மழைக்கோட்டுப் பொத்தான் போட அவருக்கு வரவில்லை, மகன் போட்டுவிட்டார்.

இருட்டுவதற்குள் செல்வி திரும்பிவிட்டாள். தோசை ஊற்றப் போனாள். நான் வண்டியில் இருந்த பெட்டியைக் கழற்றிப் படித்தேன்.

திருக்கழுக்குன்றம், பூஞ்சேரி, ஈசிஆர். நெம்மேலி வேகத்தடை, போகும்போதும் வரும்போதும்: இரண்டாம் கியர். நிற்கவில்லை. நின்ற இடம் ஒன்றே, திருவிடந்தை. தட்டல் கட்டம் முழுக்கப் பூஜ்யம்.

பூஜையறை ஆணியில் மாலை இல்லை.