புதன்கிழமைக் காய்ச்சல்

மாமா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் காட்டுவதற்கு யார் இருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் பழக்கம் தெரியும். எழுத்துள்ள தாள் எது கைக்கு வந்தாலும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரிந்த முகமாகப் பார்த்து நீட்டிவிடுவீர்கள். இதை மட்டும் நீட்ட வேண்டாம். நானே அங்கே வந்து படித்துச் சொல்கிறேன். அவசரமில்லை.

இன்று சாயங்காலம் பின்தெருவில் மலேரியாக்காரர் மருந்து அடித்தார். ஜன்னலைச் சாத்தியும் அந்த வாசம் போகவில்லை. நாளைக் காலையில் அவர் நம் இரண்டு வீடும் இருக்கிற இந்த வளவுக்கு வருகிறார். என் விரலில் குத்தி ரத்தம் எடுக்கப்போகிறாராம். அம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். எனக்கு ஒன்று விட்டு ஒரு புதன்கிழமை காய்ச்சல் வருகிறதென்று பள்ளிக்கூடத்திலிருந்து எழுதிப் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தக் காய்ச்சலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த காய்ச்சல்.

நம் வளவில் வாரம் என்பது ஆளுக்கு ஒரு மாதிரி. பேண்டேஜ் துணி நெய்யும் அம்மாவின் ஷெட்டுக்கு ஞாயிறு லீவு. எனக்குச் சனியும் ஞாயிறும். மூலை சலூனுக்குச் செவ்வாய். லாரி ஓட்டும் அப்பாவுக்கு லீவே கிடையாது. அவர் வீட்டுக்கு வருகிற நாள்தான் எங்களுக்கு ஞாயிறு. உங்களுக்குப் புதன். எல்லா மில்லும் ஒரே நேரத்தில் ஓடக் கரண்டு பத்தாது என்று மில்லுக்கு ஒரு கிழமையாகப் பிரித்துவிட்டதில் உங்கள் மில்லுக்கு விழுந்தது அது. ஊரெல்லாம் வேலைக்குப் போன பிறகு தனியாக லீவில் கிடக்கிறீர்களே என்று எல்லோரும் பாவப்பட்டார்கள். நீங்கள் மட்டும் பாவப்படவில்லை.

"ஞாயித்துக்கிழம நமக்கும் லீவு, ஆபீசுக்கும் லீவு. பொறவு அந்த லீவ வச்சுக்கிட்டு என்ன செய்ய? படுத்துக் கெடக்கலாம். லீவுன்னா புதன்தான்" என்பீர்கள்.

அதனால் தெருவில் யாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை இருந்தாலும் விண்ணப்பப் பாரம் உங்கள் பைக்குத்தான் வரும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, வருமானச் சான்றிதழ் வாங்க, குழாய் கேட்டு மனுப் போட, எல்லாவற்றுக்கும் நீங்கள். எட்டாம் வகுப்புப் படித்தவர் என்று சொல்லித்தானே அத்தையைக் கட்டினீர்கள். "புதன்கிழம எழுதிக் குடுத்திருதேன்" என்று நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளும் அழகைப் பார்த்தால் கலெக்டரே நம்பியிருப்பார்.

எனக்கு முதல் புதன்கிழமை வந்தது நிஜக் காய்ச்சல். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நீங்கள் ஒரு பாரத்தை என் முன்னால் விரித்தீர்கள். "ஏட்டி, இதுல என்ன போட்டிருக்குன்னு வாசி பாப்போம். எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாக்கேன்" என்றீர்கள். வாசித்தேன். எழுதவும் சொன்னீர்கள், எழுதினேன். தாளை நீங்கள் தலைகீழாக வாங்கி, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினீர்கள். நான் தலையைச் சாய்த்துத் தாளைப் பார்த்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தாளைத் திருப்பினீர்கள். "உன் அத்தைக்குத் தெரிய வேண்டாம், தாயி" என்றீர்கள். எப்போதும் ஏட்டி என்கிற நீங்கள் தாயி என்றதும் எனக்குக் காய்ச்சலே விட்டுவிட்டது.

அதற்குப் பிறகு ஒன்று விட்டு ஒரு புதன் நாம் இருவரும் பஸ் ஏறினோம். ஆபீஸ் வராந்தாவில் நீங்கள் சட்டைப் பையைத் தடவி, கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன், பிள்ளை எழுதட்டும் என்பீர்கள். பத்துத் தடவைக்கு மேல் இதைக் கேட்ட கிளார்க், அந்தக் கண்ணாடி ஒருநாளாவது ஊர் பார்க்க வராதா என்று கேட்டார். கீழே எழுதிக் கொடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை மட்டும் நீங்களே போடுவீர்கள். புள்ளி பிசகாமல் கோலம் போடுகிறவர்களைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுவீர்கள். பின்னால் நிற்கும் வரிசை பெருமூச்சு விடும்.

மாதம் பிறந்ததும் நான் காலண்டரைப் பார்த்து இரண்டு புதன்களுக்கும் லீவு லெட்டர் எழுதி, அம்மா கையெழுத்தையும் போட்டு, கணக்கு நோட்டுக்குள் வைத்துவிடுவேன். வியாழக்கிழமை காலையில் டீச்சர் மேஜையில் ஒன்று போய்விடும். பிசகே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேர் வரும் வரைக்கும்.

இந்த வருடம் தேர் புதன்கிழமை வந்தது. ஜில்லாவுக்கே உள்ளூர் விடுமுறை; பதிலுக்கு ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம். முதல்முறையாகப் பொய் சொல்லாமல் உங்களோடு கிளம்பினேன். அம்மாவே தலைவாரி அனுப்பினாள். நீங்கள் பையில் மூன்று பாரம் வைத்திருந்தீர்கள். தேர் வீதியில்தானே ஓடுகிறது, ஆபீசுக்கு என்ன என்பது உங்கள் கட்சி. ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தீர்கள். "நமக்கு லீவு விட்ட அன்னைக்கா பாத்து இவனும் லீவு எடுக்கணும்?" என்று அரசாங்கத்தின் மேல் வந்த கோபம், நாம் வடம் தொட்டுக் கும்பிட்ட பிறகும் தணியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. என் கை பழக்கத்தில் நோட்டைத் திறந்து லெட்டரை எடுத்து டீச்சர் மேஜையில் வைத்துவிட்டது. பள்ளிக்கூடமே இல்லாத நாளில் எனக்குக் காய்ச்சல் என்றும், வர இயலவில்லை என்றும், அருள்கூர்ந்து விடுப்பு அளிக்குமாறும் அதில் எழுதியிருந்தது.

டீச்சர் இரண்டு தடவை படித்தார். வருகைப் பதிவேட்டைப் பின்னால் புரட்டினார். புதன், புதன், புதன். செத்தோம் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. கிழமைகூடத் தெரியாத அளவுக்குக் காய்ச்சல் பிள்ளையைப் படுத்துகிறதே என்று என் தலையைத் தடவி, அன்றே சுகாதார ஆபீசுக்கு எழுதிப் போட்டார். உங்களிடம் வந்து சொன்னபோது கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "லீவுக்கே லீவு போட்டவ நீதான் ஏட்டி. எங்க மில்லுல கூட அப்பிடி ஒருத்தன் கெடையாது."

சுகாதார ஆபீஸ் அந்தக் கடிதத்துக்கு அசைவதற்குள் ஆவணி வந்தது. ஒரு திங்கட்கிழமை ஷிப்டு முடிந்து வந்து நெஞ்சு கரிக்கிறது என்று படுத்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

உங்களுக்குத் துக்கம் கேட்க ஒரு வாரம் முழுவதும் ஆள் வந்தது மாமா. ஒவ்வொரு மில்லுக்கும் என்றைக்கு லீவோ அன்றைக்கு அந்த மில் ஆட்கள். செவ்வாய்க்கிழமை சலூன்காரர். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் ஷெட்டே வந்தது. ஒரே நாளில் அழுது முடிக்க அத்தைக்குக் கொடுத்து வைக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். எம்புட்டு அழகாக எழுதுவார், முத்து முத்தாக எழுதுவாரே என்றார்கள். நான் மூலையில் உட்கார்ந்து என் கைகளைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். தெருக்குழாய் கேட்டு நாம் போட்டு, ஸ்டாம்பு ஒட்டவில்லை என்று திரும்பி வந்ததே ஒரு மனு, அதை அத்தை சட்டம் போட்டு உங்கள் போட்டோவுக்குக் கீழே மாட்டியிருக்கிறாள். தினமும் அதற்கும் பொட்டு வைக்கிறாள்.

இப்போதுதான், ஐப்பசியில், அரசாங்கம் என் காய்ச்சலைத் தேடி வருகிறது. புதன்கிழமைகளில் நான் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறேன். அது உள்ளே பதுங்கியிருக்கும் என்கிறார் டீச்சர். மலேரியாக்காரர் கையில் தேதி எல்லாம் இருக்கிறது. அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். அன்றெல்லாம் எங்கே போனாய் என்று அம்மா கேட்பாள். உண்மையைச் சொன்னால் அடி குறையும். ஆனால் அத்தை பொட்டு வைக்கிற எழுத்து உங்களுடையது இல்லை என்றாகிவிடும். பூ வைத்துக்கொள்வதையும் விட்டுவிட்ட அத்தையிடம் அந்த எழுத்துப் பெருமை ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது.

நான் யோசித்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் சுற்றினேன், சினிமா போஸ்டர் பார்த்தேன் என்று சொல்லிவிடுவேன். அம்மா தோலை உரிப்பாள். உரிக்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது. எழுத்து கோடு தாண்டிப் போகிறது. ஆனாலும் உங்கள் பெயரை நான் எடுக்க மாட்டேன். நீங்கள் தாயி என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னீர்கள், அது எனக்குப் போ

கதவு தட்டுகிற சத்தம். அம்மா இல்லை, அவள் பக்கத்தில் தூங்குகிறாள். அத்தை. மெதுவாகக் கூப்பிடுகிறாள்.

"ஏட்டி, லைட்டு எரியுதே, முழிச்சுத்தான இருக்க? மில்லுல ஒரு பாரம் குடுத்திருக்காக. கொஞ்சம் எழுதிக் குடு. உன் மாமா கையெழுத்து என்னைக்குமே உங்கிட்டதான இருந்துச்சு."