முப்பத்தேழில் ஒன்று

25-12-2004, சனி. இரவு. அறுபதில் ஒன்று.

பனி. செவிலிமேட்டு பஸ் அரை மணி லேட். பாபுவின் பிரவுசிங் சென்டரில் கீபோர்டு ஒன்று கூட உருப்படியில்லை.

விண்கல். பெயர் இன்னும் வைக்கவில்லை, எண் மட்டும். குறுக்களவு சுமார் நானூறு மீட்டர். 2029 ஏப்ரல் 13, வெள்ளி, பூமியில் மோத அறுபதில் ஒரு வாய்ப்பு. இரண்டு நாள் முன்பு முந்நூறில் ஒன்றாக இருந்தது. பார்க்கப் பார்க்க ஏறுகிறது. அன்று எனக்கு 49 வயது. ஊரில் எவனுக்கும் தெரியாது.

வேலை செய்கிற பட்டுக் கடையில் சொன்னேன். கல்யாணப் புடவைக்குப் பார்டர் வரைந்துகொண்டிருந்தேன் (கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட வேண்டும், அதை வைத்துத்தான் தறிக்கு அட்டையில் துளை அடிப்பார்கள்). முதலாளி கேட்டார்: "2029-லயா? அதுக்குள்ள இந்த பார்டரை முடிச்சிக் குடுத்துடுவல்லபா?"

எல்லோரும் சிரித்தார்கள். எரிச்சல். விளக்கினேன். பத்து வருடம் முன்பே தள்ளினால் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகமே போதும். எறும்பு வேகம். கடைசி மாதத்தில் என்றால் உலகத்து ராக்கெட் எல்லாம் சேர்ந்தாலும் நடக்காது. இது மட்டும் அவருக்குச் சட்டென்று புரிந்தது. "தப்பை ஆரம்பத்துல பார்த்துட்டா ஒரு கட்டம் மாத்துனா போதும். முடியறப்ப பார்த்தா மொத்த புடவையும் போச்சு. சரி, அதைத் தள்ளறது யாரு?"

யாருமில்லை. கண்டுபிடிக்க ஆள் உண்டு, தள்ள ஆள் இல்லை. சொல்லவும் ஆள் இல்லை. கடலில் விழுந்தால் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் என்று இன்டர்நெட்டில் போட்டிருந்தது. கரைக்கு வரவே மணிக்கணக்காகும். அதற்குள் கரையில் நிற்பவனுக்கு யார் போன் போடுவது? நம் பக்கம் ஏற்பாடே கிடையாது. முட்டாள்கள்.

மாலையில் அக்காவுக்கு போன். சதுரங்கப்பட்டினத்தில் வீடு, கடற்கரை நடக்கிற தூரம். மாமாவுக்கு எலக்ட்ரீஷியன் வேலை. அவளிடமும் கல்லைப் பற்றிச் சொன்னேன்.

"டேய் குமாரு, அது வர்றதுக்குள்ள ஒரு கல்யாணம் பண்ணிக்க. இல்லாட்டி அம்மாவே அந்தக் கல்லைக் கையோட கூட்டிக்கினு வந்துடும்."

மறக்காமல் வாங்க: அம்மாவுக்கு முட்டிவலித் தைலம். எனக்கு பிளேடு.

26-12-2004, ஞாயிறு. காலை 8.15. நாற்பத்திரண்டில் ஒன்று.

பாபு கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். 6.35 வாக்கில் கட்டில் ஆடியது. காலண்டர் ஆணியில் ஊசலாடியது. அம்மா வாசலிலிருந்து, "லாரி போவுதா?"

ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து போன். "பாத்திரமெல்லாம் கடகடன்னு ஆடுச்சுடா. மாமா மீன் வாங்கக் கெளம்பிக்கினு இருக்காரு. உன்னைக் கேக்கச் சொல்றாரு. ஒண்ணும் ஆவாதே?"

"முடிஞ்சுபோச்சுக்கா. ஒண்ணுமில்ல. போய் வேலையப் பாரு."

இப்போது செய்தியில்: சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பெரிய பூகம்பம். ஆட்டத்துக்குக் காரணம் அதுதான். சரி. அந்தப் பக்கத்தை மூடினேன்.

கல்: 42. இன்னும் ஏறுகிறது. லீவு நாள் என்று உலகமே தூங்குகிறது.

அதே நாள். இரவு.

காலை பத்து மணிக்கு டீக்கடை டிவியில் பார்த்தேன். கடல் ஊருக்குள். மெரினாவில் கார்கள் மிதந்தன. பிறகு நாகப்பட்டினம், கடலூர், பெயர் மேல் பெயர். அக்கா வீட்டு எண் அடித்தேன், அடித்தேன். லைன் இல்லை.

மாலை நாலு மணிக்கு அக்கா யாருடைய செல்லிலிருந்தோ பேசினாள். திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கிறாள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாமா வரவில்லை.

"எப்பக்கா போனாரு?"

"உங்கிட்ட கேட்டுட்டுதானே போனாரு."

வைத்துவிட்டாள்.

27-12-2004, திங்கள்.

முதலாளியின் பைக். விடியற்காலை கிளம்பினேன். மண்டபத்தில் அக்கா, ஈரப் புடவையே காய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையோடு எடுத்து வந்திருந்த மாமா போட்டோவை வாங்கிக்கொண்டேன், கல்யாணத்தில் எடுத்தது, மாலையோடு. அதைக் காட்டிக் கேட்கக் கை கூசியது. கரையில் போலீஸ் விடவில்லை. சவுக்குத் தோப்பு வழியாகப் போனேன். மரத்தில் வலை. மரத்தில் ஒரு ஸ்டீல் குடம். வரிசையாகப் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் பார்த்தேன். மாமா இல்லை. அடுத்த வரிசைக்குக் கூப்பிட்டார்கள். அங்கும் இல்லை.

கணக்கு. 8.15-க்கு நான் அந்தச் செய்தியைப் பார்த்தேன். அலை ஒன்பதுக்குக் கொஞ்சம் முன் என்கிறார்கள். அரை மணிக்கு மேல் இருந்தது. பாபு கடைக்கு அடுத்த கதவு எஸ்.டி.டி. பூத்.

சனிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். அலை. மணிக்கணக்கு. யார் போன் போடுவது. முட்டாள்கள். என் கையெழுத்துதான்.

மாலையில் மாற்றுத் துணி எடுக்கக் காஞ்சிபுரம் வந்தபோது பாபு கடை வாசலில் நிறுத்தினான். "உன் கல்லு முப்பத்தேழுல ஒண்ணு ஆயிடுச்சுபா. இதுவரைக்கும் எந்தக் கல்லுக்கும் இவ்ளோ வந்ததில்லையாம். பேப்பர்ல ஒரு வரி இல்ல பாரு."

வண்டியை எடுத்தேன்.

28-12-2004, செவ்வாய்.

மாமா கிடைத்துவிட்டார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி, தரையில் பாய். வலது கால் இரண்டு இடத்தில் முறிவு, மார்பெல்லாம் சவுக்குப் பட்டை கிழித்த கோடு. பேர் கேட்டு எழுதக்கூட ஆள் இல்லாததால் இரண்டு நாளாக யாருக்கும் தெரியவில்லை. அக்கா ஓடிப்போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். என்னிடம் இன்னும் பேச்சில்லை.

மாமாதான் பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கடலு உள்ள போயிடுச்சு மச்சான். அவ்ளோ தூரம் நான் பார்த்ததே இல்ல. மணல்ல மீனு துள்ளிக்கினு கெடக்குது. பசங்க பொறுக்க ஓடுறானுங்க. மீன் விக்கிற எல்லம்மா பயந்துக்கினு கேட்டா, இன்னா தம்பி இது, காலையில தரை ஆடுச்சு, இப்ப கடலு இப்படிப் போவுதேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ சொன்னதைத்தான். எம் மச்சான் படிச்சவன், அவனைக் கேட்டுட்டேன், ஒண்ணுமில்லன்னான், பயப்படாதன்னேன்."

பக்கத்துப் பாயில் ஒருவர் இருமினார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். எல்லம்மா எங்கே என்று நான் கேட்கவில்லை.

மருந்துக் கடை போனிலிருந்து அம்மாவுக்குச் சொன்னேன். பாபுவுக்கும். அவன் சந்தோஷத்தில் இதையும் சேர்த்துக்கொண்டான்: கல் 2029-ல் மோதாதாம். மார்ச் மாதமே யாரோ எடுத்த படத்தில் மங்கலாக இருந்திருக்கிறது. இப்போதுதான் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துப் பாதையைத் திருத்தியதும் ஆபத்து போய்விட்டது. ஒன்பது மாதம் படம் கையில் இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.

செய்ய வேண்டியது:

1. மாமாவுக்கு ரத்தம். என் குரூப்தான். நாளை காலை கொடுப்பது.
2. முதலாளிக்கு போன். பார்டர் இந்த வாரம் கிடையாது.
3. கரையோரத்தில் போன் இருக்கிற வீடு, கடை எல்லாவற்றின் எண்ணும் வாங்குவது. பாபு கடைச் சுவரில் ஒட்டுவது. தரை ஆடினால் முதலில் அந்தப் போன்கள், பிறகுதான் மற்றது.
4. ஒரே வரி, பெரிய எழுத்தில் பிரின்ட், நூறு பிரதி: தரை ஆடினாலோ கடல் பின்வாங்கினாலோ மேட்டுக்கு ஓடு, யாரையும் கேட்காதே.
5. எல்லம்மா வீடு எது என்று மாமாவிடம் கேட்பது. போவது.