வலி நின்ற கடல்மேடை

திங்கள், காலை 8:10. நிலைமை வழக்கம்போல்.

“வலி எங்க டீச்சர் இருக்கு, குத்துன இடத்துலயா, மண்டைக்குள்ளயா?”

பல வருடம் முன்பு ஒன்பதாம் வகுப்பில் லில்லி புஷ்பம் என்ற பெண் கேட்ட கேள்வி. காம்பஸ் முனை விரலில் ஏறியிருந்தது, அழுதுகொண்டே கேட்டாள். இரண்டிலும்தான் என்று சொல்லிவிட்டு மருந்து போட்டேன். அந்தப் பதிலை இன்று கொஞ்சம் நீட்டிச் சொல்லலாம்.

என் பெயர் கனகமணி. பாளையங்கோட்டையில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது இருப்பது நடுக்கடலில், முன்பு எரிவாயு எடுத்த ஓர் இரும்பு மேடையில். அதை மருந்துச் சோதனைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். மருந்து எடுக்கும் நாட்களில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையுமாம். அதனால் ஊர்க்காற்று படாத இடம் வேண்டியிருக்கிறது.

நான்கு பேர் இருக்கிறோம், வந்து சில வாரம் ஆகிறது. டாக்டர் நிலோஃபர், ஆராய்ச்சி அவருடையது. ஏரலில் டீக்கடை வைத்திருக்கும் பொன்னுத்துரை, சர்க்கரை வியாதியால் உள்ளங்கால் நெருப்பாக எரிபவர். என் கணவர் ஆசீர், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். அவருக்கு முகநரம்பு வலி. ஆறு வருடமாக ஃபேன் காற்று கன்னத்தில் பட்டாலே அலறுவார். அவருக்குத் துணையாக நான். “சும்மா இருக்காம, எல்லாருக்கும் புரியுற மாதிரி தினமும் எழுதுங்க டீச்சர்” என்று டாக்டர் இந்தக் குறிப்பை என்னிடம் ஒப்படைத்தார். எழுதுவது அப்போதைக்கப்போது கரைக்கும் போய்ச் சேரும்.

செல்லை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரில் பல அழைப்பு மணிகள். பால்காரருக்கு ஒன்று, தபால்காரருக்கு ஒன்று. இன்சுலின் வந்து தன் மணியை அழுத்தினால், வீடு சர்க்கரைக்குக் கதவைத் திறக்கும். இந்த மணிகளுக்கு ஏற்பி என்று பெயர். நாம் சாப்பிடும் பல மருந்துகள் ஏதாவது ஒரு மணியை அழுத்துகின்றன, அல்லது வேறு யாரும் அழுத்தாமல் பொத்திக்கொள்கின்றன.

இங்கே தரும் மருந்து வேறு விதம். நரம்புச் செல்லின் சுவரில் கே-11 என்ற ஏற்பி உண்டு. தீராத வலி அதை ஓயாமல் அழுத்துகிறது. இந்த மருந்து மணியைப் பொத்துவதில்லை. வீட்டுக்காரரே அதைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளும்படி செய்கிறது. அழுத்துகிறவர் வருகிறார், சுவர் மொட்டையாக இருக்கிறது, திரும்பிப் போகிறார்.

மூக்கில் அடித்துக்கொள்ளும் சின்னக் குப்பி. இருவரில் ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, கரைக்கு மட்டும் தெரியும்.

ஆசீர் இன்று முகச்சவரம் செய்துகொண்டார். பிளேடு கன்னத்தில் இறங்குவதைக் கதவோரம் நின்று பார்த்தேன். திரும்பி, “என்னட்டி புதுமாப்பிள்ளையப் பாக்குற மாதிரி பாக்க?” என்றார்.

புதன், மாலை 4:30. ஒரு தவறு தெரியவந்தது.

மதியம் பொன்னுத்துரை அடுப்பில் கொதித்த பால் பாத்திரத்தைத் துணி இல்லாமல் தூக்கினார். தோல் வெந்த வாடை எனக்கு முதலில் தெரிந்தது, அவருக்கு அல்ல. உள்ளங்கையைப் பார்த்துச் சிரித்தார். காலுக்கு மருந்து வாங்க வந்தவருக்குக் கையும் மரத்திருக்கிறது.

டாக்டர் குடைந்து கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ஆசீருக்குக் குணம் தெரிந்த மறுநாளே பொன்னுத்துரைக்குப் புரிந்துவிட்டது, தனக்கு வந்திருப்பது உப்புநீர் என்று. பக்கத்துக் கட்டிலில் ஒரு மனிதர் இரவெல்லாம் காலை உதறிக்கொண்டு கிடக்க, தான் மட்டும் தூங்க ஆசீருக்கு மனசு வரவில்லை. குப்பியை நீட்டிவிட்டார். ஒரு டீயை இரண்டு கிளாஸில் பிரித்துக் குடிப்பதுபோலத் தினமும் ஆளுக்குப் பாதி.

கரையில் இருப்பவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? மருந்து எடுப்பவருக்குக் குணம் பாதிதான். உப்புநீர் எடுப்பவருக்கும் அதே அளவு குணம். மருந்து போதவில்லை என்று முடிவுகட்டி வீரியத்தை இரண்டு முறை கூட்டி அனுப்பினார்கள். கூட்டியதையும் இவர்கள் பங்கு போட்டார்கள்.

எனக்கும் பங்கு வந்தது. “படியேற முட்டிய பிடிச்சிக்கிட்டு நிக்கீங்க டீச்சரம்மா, ஒரு இழுப்பு இழுங்க” என்று பொன்னுத்துரை தந்தார். நாலைந்து நாள் காலையில் இழுத்தேன். முட்டி வலி நின்றது. இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு இண்டர்காமில் எல்லோருக்கும் சொன்னார்: “குப்பியெல்லாம் என்கிட்ட வந்தாகணும். கே-11 வலி நரம்புல மட்டும் இல்ல. மூளையில இன்னொரு இடத்துலயும் இருக்கு. அடுத்தவங்களுக்கு அடிபட்டா நமக்குத் துணுக்குன்னு இருக்குல்ல, அந்த இடம். இந்த அளவு போனா அங்கயும் மணி உள்ள போயிரும். மணியைத் திரும்ப வெளிய கொண்டுவர ஊசி இருக்கு, ரெண்டே ரெண்டு. காலையில அங்கிள் ரெண்டு பேருக்கும் போடுறேன். டீச்சர் கொஞ்சம்தான் எடுத்திருக்கீங்க, ஏறுனாலும் மெதுவாத்தான் ஏறும், பொறுத்துப் பார்ப்போம்.”

கரைக்குத் தகவல் கொடுத்தோம். பதில்: “கடல் கொந்தளிப்பு. சனிக்கிழமைக்கு முன்னால படகு இறக்க முடியாது. வின்சென்ட், கரை நிலையம்.”

வியாழன், காலை 10:40. ரேடியோ அறையில் இருந்து.

டாக்டர் நிலோஃபர் இறந்துவிட்டார்.

சாப்பாட்டு அறையில் இருவரும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் காய் யாருக்கு என்று பேச்சு வந்தது. ஆசீர் பலகையைத் தூக்கி அதன் ஓரத்தால் பொன்னுத்துரையின் வாயில் அடித்தார். கோபமாக இல்லை. ஈயை அடிப்பதுபோல. பொன்னுத்துரை பல்லைத் துப்பிவிட்டு, “அண்ணாச்சி, காய் எனக்குத்தான்” என்று சொல்லி எழுந்து ஆசீரின் காதைக் கடித்துப் பிய்த்தார்.

பள்ளி மைதானத்தில் எத்தனையோ சண்டைகளைப் பிரித்திருக்கிறேன். சண்டை எப்போது நிற்கும் தெரியுமா? வாத்தியார் வரும்போது அல்ல. அடிபட்டவன் “அம்மா” என்று கத்தும்போது. அந்தச் சத்தத்தில் அடித்தவன் கை தானாகத் தளரும். இங்கே யாரும் கத்தவில்லை. அதனால் எந்தக் கையும் தளரவில்லை. ஆசீர் அவரைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தார். எலும்பு முறிவது எனக்குக் கேட்டது.

டாக்டர் இரண்டு ஊசியையும் எடுத்துக்கொண்டு நடுவில் புகுந்தார். அவர் கத்தினார். நன்றாகவே கத்தினார். ஆசீர் அவர் தோளைப் பிடித்து, வழியில் கிடக்கும் நாற்காலியை நகர்த்துவதுபோல் ஒதுக்கினார். இரும்புப் படியின் விளிம்பில் தலை பட்டது. ஆசீர் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரின் கோட்டுப் பையில் இருந்து ஊசிகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து இந்த அறையைப் பூட்டிக்கொண்டேன். ஒன்று உடைந்திருக்கிறது. ஒன்று முழுசாக இருக்கிறது.

அந்த ஒன்று ஆசீருக்கு. அவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எனக்கு வேறு நினைப்பில்லை.

வியாழன், மதியம் 12:15. இண்டர்காமில் கேட்டவை.

சமையலறையில் இருந்து பொன்னுத்துரை:

“டீச்சரம்மா, டீ போடட்டா?”

“பொன்னுத்துரை, அப்படியே படுங்க. உங்களுக்கு உள்ள அடிபட்டிருக்கு.”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். சட்டையெல்லாந்தான் நனைஞ்சு கிடக்கு. குழாய் எங்க ஒழுகுதுன்னு தெரியல்ல.”

“அது ரத்தம். படுங்க.”

“அப்படியா. சரி, இத ஆத்திட்டுப் படுக்கேன். டாக்டரம்மாவுக்குச் சீனி குறைச்சலா?”

அதன்பின் பால் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் நெடுநேரம் கேட்டது. நான் அழைத்துக்கொண்டே இருந்தேன்.

வியாழன், மதியம் 2:00.

ஆசீர் என் கதவுக்கு வெளியே இருக்கிறார். மின்பூட்டின் தகட்டை விரலாலேயே பெயர்க்கிறார். நகங்கள் போய்விட்டன. கதவில் பதித்த சிறு கண்ணாடி வழியாகத் தெரிகிறது. இண்டர்காமில்:

“ஏட்டி கனகம், இது என்ன பெரிய பூட்டு. டிரான்ஸ்பார்மரையே பிரிச்சுப் போட்டவன் நானு.”

“எதுக்கு உள்ள வாரீங்க?”

“அந்த ரேடியோ இரையுது. நிறுத்தணும்.”

“நான் விடமாட்டேனே.”

“நீ கத்துனா வாயப் பொத்திருதேன். மூச்சு நிக்குற வரைக்கும் பொத்தணும், அவ்வளவுதான.”

பொய் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. மறைக்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. மிரட்டவும் இல்லை. கரண்ட் எப்போது வரும் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்ன அதே குரல்.

அதுதான் எனக்கு வழி காட்டியது. பொய்யே சொல்லாதவருக்கு அடுத்தவர் பொய்யும் தெரியாது. “கீழ ஸ்டோர்ல சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன், ஆறிப்போகும்” என்றேன். உடனே தகட்டை விட்டுவிட்டுக் கீழே போனார். முப்பத்தொன்பது வருடம் அந்தக் குரலுக்கு வந்து பழகிய மனிதர். வெறுங்காலோடு பின்னால் போய், இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டேன்.

“சாப்பாட்டக் காணோமே” என்றார் உள்ளே இருந்து.

வெள்ளி, காலை 7:20.

இரவு முழுதும் கதவில் மோதினார். நிறுத்தாமல், ஒரே சீராக. தோள் எலும்பு இறங்கியிருக்கும். இப்படியே விட்டால் பொன்னுத்துரைபோல் தனக்கு என்ன உடைந்தது என்று தெரியாமலே செத்துப்போவார். இனிக் காத்திருக்க முடியாது.

கதவில் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு உண்டு. “கையை வெளிய நீட்டுங்க, ஊசி போடணும்” என்றேன். “போடேன், எனக்கென்ன” என்று நீட்டினார். காய்ச்சல் ஊசிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள்.

மருந்து முழுதும் இறங்கும்வரை நின்றார். பிறகு என் வலது கையைப் பிடித்துத் திறப்பின் விளிம்பில் வைத்து மடக்கினார். விரல்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. பச்சை முருங்கைக் குச்சி ஒடிப்பதுபோல ஒலி.

ஒலி கேட்டது. வேறொன்றும் வரவில்லை.

மூன்று விரல்கள் புறங்கைப் பக்கம் திரும்பி நிற்கின்றன. அவற்றாலும் தட்டச்சு செய்ய முடிகிறது.

ஊசிக் குழல் காலி.

வெள்ளி, காலை 8:45.

எனக்கு இன்னும் தெரிகிறவற்றை எழுதி வைக்கிறேன். ஆசீர்மேல் எனக்குப் பிரியம் உண்டு. நாடுகளின் தலைநகரம் தெரிவதுபோல் அது தெரிகிறது. சமையலறையில் பொன்னுத்துரையைத் தாண்டித்தான் தண்ணீர் எடுத்தேன். ஒருமுறை அவர் கையை மிதித்தேன். குனிந்து பார்க்கவில்லை. அதைத் திரும்பி வரும்போதுதான் கவனித்தேன்.

ஸ்டோர் சாவியைக் கடலில் எறிந்துவிட்டேன். ஏன் எறிய வேண்டும் என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளி, காலை 10:05. இண்டர்காமில்.

“கனகம். கனகம், கை எரியுதுட்டி. காது... முகம் பழையபடி வெட்டி வெட்டி இழுக்குது. அய்யோ.”

ஊசி வேலை செய்கிறது. சோதனை முறையில் இது வெற்றி. எழுதிக்கொள்ளவும்.

“அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு? டாக்டர் பிள்ளைக்கு? நான் தள்ளுனேனா? சொல்லுட்டி.”

“ஆமா. தலையில பட்டு இறந்துட்டா. பொன்னுத்துரையும் இறந்துட்டாரு. விலாவ நீங்க மிதிச்சீங்க.”

அதன் பிறகு அவர் எழுப்பிய சத்தத்துக்கு எழுத்து இல்லை. ஆறு வருடத்தில் அப்படி ஒன்று கேட்டதில்லை. நான் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்தேன்.

வெள்ளி, மதியம் 1:30.

நிற்கவில்லை. கத்துகிறார். என் பெயரைச் சொல்லி, உள்ளே வா, பக்கத்தில் உட்கார், ஒன்றும் செய்ய வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்கிறார். அவர் திரும்பி வந்துவிட்டார், நான் கேட்டது கிடைத்துவிட்டது. சத்தம் அதிகம்.

இண்டர்காமை அணைத்தேன். இரும்பு வழியாகக் கேட்கிறது.

படிக்கட்டு அருகே தீயணைப்புக் கோடரி மாட்டியிருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். முறிந்த விரல்களோடும் பிடிக்க முடிகிறது. சாவி இல்லை, ஆனால் ஸ்டோர் கதவின் கீல் துருப்பிடித்தது. பத்து அடி போட்டால் போகும். போனால் சத்தத்தை நிறுத்தலாம். இதில் என்ன தவறு என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் திங்கட்கிழமை எழுதியவளுக்குக் கிடைத்திருக்கும்.

கரையில் இருந்து: “டீச்சர், வின்சென்ட் பேசுறேன். கதவுப் பக்கம் போகாதீங்க. கடல் அடங்கிட்டு வருது, இப்பவே படகு இறக்கிட்டோம். எங்ககூடப் பேசிக்கிட்டே இருங்க. டீச்சர்?”

கேட்டது. அவர் குரலும் சத்தம்தான்.

வெள்ளி, மதியம் 2:50.

இரண்டு அடி அடித்துப் பார்த்தேன். உள்ளே அவர் “வலிக்கும்ட்டி, உனக்கு வலிக்கும், கை போயிரும், விட்டுரு” என்கிறார். என் கைக்காகச் சொல்கிறார். கீல் அசைகிறது.

எழுதுவதற்காக அடிப்பதைக் கொஞ்சம் நிறுத்தியிருக்கிறேன். எழுதும்போது கோடரி கீழே இருக்கிறது.

படகு தெரிகிறது. சின்னதாக.

படகில் வருகிறவர்களுக்கு. நான் ஏணியின் உச்சியில் நிற்பேன், மரியாதையாகத்தான் பேசுவேன், கேட்டதற்கெல்லாம் உண்மையான பதில் சொல்வேன். அதை நம்பி ஏறாதீர்கள். நடிக்க எனக்கு இப்போது வராது, இந்த மருந்து ஏறிய யாருக்கும் வராது. அதனால் ஒன்று செய்து பாருங்கள்: ஏணியில் கால் வைக்கும் முன், உங்களில் ஒருவர் கை நசுங்கியதுபோல “அய்யோ” என்று ஒரே ஒரு தடவை கத்திவிட்டு, என் முகத்தைப் பாருங்கள்.