ஏற்காட்டு மூட்டை

போன வாரம் தகரப்பெட்டியைத் திறந்தேன். மழை பிடிக்கும் முன் போர்வைகளை வெயிலில் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்த பிறகு அடியில் அந்தச் சாக்கு கிடந்தது. நீ என் கையில் கொடுத்த சாக்கு. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் வாசனை முழுதாகப் போகவில்லை. வறுத்த வாசனை இல்லை. பச்சைக் காப்பிக்கொட்டையின் வாசனை, காய்ந்த புல்லும் ஊறிய பயறும் கலந்த மாதிரி. மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, தூசி தட்டுவதற்காகச் சாக்கை உள்ளும் புறமுமாகத் திருப்பினேன்.

உள்ளே எழுத்து இருந்தது.

இப்போது நான் எழுத்தை விடுவதில்லை. எட்டு மாதமாகச் சத்துணவுக் கூடத்தில் நடக்கும் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். பஸ்ஸின் நெற்றி, உப்புப் பொட்டலம், கோயில் குழல்விளக்கின் மேல் எழுதியிருக்கும் உபயக்காரர் பெயர், எது கண்ணில் பட்டாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். சாக்கில் இருந்தது மூன்றே எழுத்து. மை மங்கியிருந்தது. விரல் வைத்துப் படித்தேன். நம்பாமல் மறுபடி படித்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னத்துக்குத் தனியா உக்காந்து சிரிக்கிறீங்க? பெட்டிக்குள்ள பூதம் ஏதாச்சும் இருக்குதா?" என்று இவள் கேட்டாள்.

"பூதம் இல்ல, பரமத்திக்காரன்" என்று உன்னைச் சொன்னேன்.

அந்த மூன்று எழுத்து என்ன என்பதைப் பிறகு எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால்தான் எனக்கு வரும். நீ போய் ஆறு வருடம் ஆகிறது. இந்த மடலைத் தொடங்கி இன்று ஐந்தாம் நாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கை ஓடவில்லை. உன் லாரி திம்பம் மலை ஏறுகிற வேகம்தான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் காப்பித்தூள் கடையில் எனக்குப் பின்கட்டில் கொட்டை வறுக்கிற வேலை. விறகு அடுப்பின் மேல் இரும்பு உருளை, அதைச் சுற்றக் கைப்பிடி. முதலாளிக்குப் புகை ஆகாது, இளைப்பு. முன்கடையிலேயே உட்கார்ந்திருப்பார். எனக்கு முன் இருந்தவர் மூட்டை மாற்றி வறுத்துக் கெடுத்துவிட்டார் என்பதால், என்னைச் சேர்க்கும்போது, "படிக்கத் தெரியுமா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். "அஞ்சாவது வரைக்கும்" என்றேன். பொய். பள்ளிக்கூடத்து வாசற்படியைக்கூட நான் மிதித்ததில்லை. ஊரில் இரண்டு பெண் குழந்தைகள். தறியில் கூலி போதவில்லை. வேறு என்ன சொல்லியிருப்பேன்?

கோயமுத்தூர் ஏலத்தில் கொட்டை எடுக்கும் தரகர் சேலத்து ஆள். மூட்டை எந்த மலையுடையது என்று தமிழிலேயே கறுப்பு மையால் எழுதி அனுப்புவார். மூட்டைகளை லாரியில் கொண்டுவருவது நீ. எழுத்து எனக்கு உதவாது என்பதை மூன்றாவது நடையிலேயே கண்டுபிடித்துவிட்டாய்.

"ஏனப்பா, தலகீழா நிக்கிற மூட்டைய இத்தன நேரமாப் படிக்கிறயே, உனக்குக் கழுத்து வலிக்கலையா?"

விறகு எடுக்கப் போகிறவன் மாதிரி அங்கிருந்து நகர்ந்தேன். நீ யாரிடமும் சொல்லவில்லை. "ஒரு மாசம் எங்கூட உக்காந்தீனா படிச்சுப்போடலாம்" என்று மட்டும் சொன்னாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நடை முழுக்க உன்னோடு பேசவில்லை. அப்புறம் நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பதிலாக, நாம் இருவரும் நூலை அடையாளமாக வைத்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஜலகண்டாபுரத்தில் மச்சான் வீட்டுத் தறியிலிருந்து கழிவு நூல் கொண்டுவந்து உன்னிடம் கொடுப்பேன். நீ மூட்டை ஏற்றும்போதே வாயில் கட்டிவிடுவாய். ஏற்காட்டுக்குச் சிவப்பு, குடகுக்குப் பச்சை, சிக்மகளூருக்கு மஞ்சள், வயநாட்டு ரொபஸ்டா ரகத்துக்கு வெள்ளை. முதலாளி ஒருமுறை கேட்டதற்கு, "மூட்டை எண்ணுறதுக்கு அடையாளமுங்க" என்று நீயே பதில் சொன்னாய்.

ஏற்காடு நம் தலைக்கு மேலே இருக்கிற மலை. கடை மாடியில் நின்றால் தெரியும். ஆனாலும் அந்தக் கொட்டை கோயமுத்தூர் போய், தோலுரிந்து, தரம் பிரிந்து, ஏலம் போய்த்தான் சேலத்துக்குத் திரும்ப வரும். அக்கரைச் சீமைக் கதையெல்லாம் நீ அந்த உருளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னாய். மங்களூர் துறைமுகத்துக் குமாஸ்தாக்களிடம் கேட்டு வந்தவை.

"காப்பி நம்முளுதே இல்லப்பா. அபிசீனியான்னு ஒரு சீமை, அங்க காட்டுச்செடியாட்டம் மொளச்சுக் கெடந்துச்சாமா. அங்கிருந்து கடலத் தாண்டி ஏமன். மோக்கான்னு ஒரு துறைமுகம். அவிய மொளைக்கிற கொட்டைய வெளிய உடமாட்டாங்களாமா. நம்மாளு ஒருத்தரு, பெரியவரு, மெக்காவுக்குப் போனவரு, ஏழு கொட்டைய மறைச்சு எடுத்தாந்து சிக்மகளூரு மலைல நட்டுப்போட்டாரு."

"ஏழுதானா? எண்ணினது யாரு?"

"நீ போயி எண்ணிட்டு வா. நான் லாரில கூட்டிட்டுப் போறேன்."

பிரேசிலில் பனி கொட்டிச் செடியெல்லாம் கருகிய வருடம் உனக்கு நினைவிருக்கும். யாரோ ஒரு நாட்டுக்காரன் தோட்டத்தில் பனி விழுந்தால் செவ்வாய்ப்பேட்டையில் ஏன் விலை ஏற வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. உலகத்துக் காப்பியில் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது என்று நீ சொன்ன பிறகும் பாதிதான் விளங்கியது. வீடுகளில் சிக்கரி கூடிப்போனது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அதற்கு அடுத்த கார்த்திகையில்தான் அது நடந்தது.

ராசிபுரம் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தூள் கேட்டு வந்தார். முன்கடையில் அவர் பேசியது பின்கட்டு வரை கேட்டது.

"ஏற்காட்டுக் கொட்டை மட்டுந்தானுங்க வேணும். எங்கப்பாரு காலத்திலிருந்து அதைத்தான் குடிக்கிறோம். நாக்கு சொல்லிப்போடுமுங்க. வேற மலைன்னா அப்படியே கொண்டாந்து இந்த வாசல்ல கொட்டிப்போடுவனுங்க."

"அந்தப் பேச்சே வேண்டாங்க. எங்காளு படிச்சவன்" என்றார் முதலாளி.

மறுநாள் விடியும் நேரத்தில் நீ மூட்டைகளை இறக்கிப் பின்கட்டில் அடுக்கிவிட்டுக் குளிக்கப் போயிருந்தாய். நான் வந்து பார்த்தேன். பெருந்துறை தாண்டி மழை பிடித்திருக்கிறது. தார்ப்பாய் கிழிசல் வழியாக மூட்டைகளின் வாய் மட்டும் நனைந்திருக்கிறது. கொட்டைக்குக் கெடுதி இல்லை. ஆனால் நூல்! மச்சான் வீட்டுக் கழிவு நூலில் சாயம் நிற்கவில்லை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. எல்லாம் ஒரே அழுக்கு நிறம். சாயம் நிற்குமா என்று பார்க்காமல் நூல் கொடுத்தவன் நான், தறிக்காரன் மகன். அதை இன்றுவரை வெளியில் சொன்னதில்லை.

ரொபஸ்டா மூட்டைகளைக் கண்ணாலேயே ஒதுக்கிவிட்டேன். கொட்டை சிறிதாக, உருண்டையாக இருக்கும். மிஞ்சியது மூன்று மூட்டை. மூன்றும் அராபிகா ரகம், ஒரே தரம், ஒரே பருமன். ஒன்று ஏற்காடு, ஒன்று குடகு, ஒன்று சிக்மகளூர். எது எதுவென்று எழுதித்தான் இருந்தது. முன்கடையிலிருந்து முதலாளி, "அடுப்பு பத்த வெச்சாச்சா?" என்று குரல் கொடுத்தார். அவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னால் அன்றோடு வேலை போயிற்று.

குத்தூசியை எடுத்து மூன்றிலும் குத்திக் கொஞ்சம் கொட்டை எடுத்தேன். கையில் தேய்த்து முகர்ந்தேன். பல்லில் கடித்தேன். ஒன்றில் மட்டும் லேசாக ஆரஞ்சு வாசனை வந்தது. ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிச் செடிக்கு நடுவே ஆரஞ்சு மரம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதுதான் என்று முடிவு செய்து பிரித்தேன். உருளையில் கொட்டிச் சுற்றத் தொடங்கினேன். கொட்டை வெடிக்கத் தொடங்கிய பிறகு பின்வாங்க வழியில்லை.

நீ தலை துவட்டிக்கொண்டு உள்ளே வரவும், முதலாளி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வரவும் சரியாக இருந்தது.

"ஏம்ப்பா, சாக்கு மேல எழுதியிருக்கறதப் பாத்துத்தான பிரிச்ச?" என்று முதலாளி கேட்டார்.

நான் உருளையைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். காலியான சாக்கு கீழே கிடந்தது. நீ குனிந்து அதை எடுத்தாய். ஒரு நொடி பார்த்தாய். அவ்வளவுதான். உதறுகிற மாதிரி உள்ளும் புறமுமாகத் திருப்பிவிட்டாய்.

"ஏற்காடேதானுங்க. நாந்தானுங்களே ஏத்தியாந்தேன்" என்றாய்.

முதலாளி போனதும் என் தோளில் அடித்தாய். "மோந்து பாத்தா புடிச்ச? மூக்கா, உம்மூக்குக்கு ஒரு கும்புடு!" அன்றிலிருந்து எனக்கு மூக்கன் என்று பெயர். சாக்கை நான்காக மடித்து என் கையில் திணித்தாய். "ஊட்டுக்குக் கொண்டுபோயி பத்திரமா வெய்யி. உன் மூக்குக்குக் கெடச்ச பட்டயம்." மிச்சமிருந்த இரண்டு மூட்டையில் ஒன்றுக்கு மஞ்சளும் ஒன்றுக்குச் சிவப்பும் நீயே புதிதாகக் கட்டினாய். "இந்தத் தடவ ஏற்காடு ரெண்டு" என்றாய். குடகு மூட்டை எங்கே என்று நான் கேட்கவில்லை. தலை கிறுகிறுத்துப்போயிருந்தவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கிளம்பும்போது குழந்தைகளுக்கு என்று நான்கு ஆரஞ்சு கொடுத்தாய்.

கல்யாணம் முடிந்து பண்ணையக்காரர் திரும்ப வந்தார். தூளைக் கொட்ட வரவில்லை. வெற்றிலைத் தட்டோடு வந்தார். "ஏற்காடுன்னா ஏற்காடுதானுங்க! நாக்குல வெச்சதும் தெரிஞ்சுபோச்சு. வேற மலைல இந்த ருசி வருமுங்களா?" முதலாளி என்னை முன்கடைக்கே கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தினார். நீ தூணில் சாய்ந்து நின்று சிரித்தாய். என் வெற்றிக்குச் சிரிக்கிறாய் என்று நினைத்தேன்.

சாக்கில் எழுதியிருந்தது குடகு.

இப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக வருகிறது. அந்த ஆரஞ்சு குடகு ஆரஞ்சு. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்குமாக ஒரு கூடை வாங்கி, அந்த மூட்டையின் மேலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறாய். காப்பிக்கொட்டை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். காப்பி லோடில் வேறு எதையும் ஏற்றக்கூடாது என்று எனக்குச் சொன்னவனே நீதான். ஆக, என் மூக்கு முகர்ந்தது மலையை அல்ல, உன் கூடையை. உன் தப்பும் என் தப்பும் ஒரே சாக்குக்குள் இருந்தன. அதைத் திருப்பி, படிக்கத் தெரியாதவன் கையிலேயே பத்திரமாகக் கொடுத்துவிட்டாய். அதைவிட நல்ல ஒளிவிடம் சேலத்தில் உனக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்றும் இப்போதுதான் விளங்குகிறது. அந்தக் கார்த்திகைக்குப் பிறகு ஒவ்வொரு நடையிலும் துணியில் முடிந்து ஒரு கைப்பிடிக் கொட்டை கொண்டுவந்தாய். குடகு, வயநாடு, நீலகிரி, தாண்டிக்குடி, கொல்லிமலை. மங்களூரில் மழைக்காற்றில் பரப்பி ஊறவைத்து, வெளுத்து ஊதிப்போன கொட்டைகூட ஒருமுறை வந்தது. என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு முகரச் சொல்வாய். தோற்றவன் பன்னும் டீயும் வாங்கித் தர வேண்டும். காப்பியில் பிழைக்கிற இருவர் டீக்கடையில் நிற்பதைப் பார்த்துத் தெருவே சிரிக்கும்.

"மூக்கா, இது எந்த மலை?"

"நீலகிரி."

"பன்னுக்குக் காசு எடு. வயநாடு. சித்த நேரம் வெச்சு மோந்து பாருப்பா, அவசரப்படாத."

முதல் இரண்டு வருடம் பன் வாங்கித் தந்தது நான்தான். அப்புறம் நீ. பொழுதுபோக்குக்கு விளையாடுகிறாய் என்றே நினைத்திருந்தேன். முதலாளியிடம் சொன்ன பொய்யை மெய்யாக்க நீ அத்தனை வருடம் பாடுபட்டிருக்கிறாய். தவறாக முகர்ந்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த வேலையை விட்டே ஓடியிருப்பேன். என்னை நீ அறிவாய்.

பிற்காலத்தில் வேறு கடைக்காரர்கள்கூட மாதிரிக் கொட்டையைக் காகிதத்தில் பொதிந்து எனக்கு அனுப்பினார்கள். முதலாளியின் மகன் காலத்தில் மின்சார உருளை வந்த பிறகும் கொட்டை பார்ப்பது நான்தான். என் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தது அந்த மூக்கால்தான். போன மாதம் சின்னவள் வீட்டில் டம்ளரை முகத்தருகே கொண்டுபோனதும், "வயநாடு பாதி, சிக்மகளூர் பாதி, சிக்கரி கொஞ்சம் கூட" என்றேன். மருமகன் டப்பாவைத் திருப்பி அட்டையைப் படித்தார். "சரிங்க மாமா" என்றார். அப்புறம் அட்டையை வாங்கி நானும் படித்தேன். சரியாகத்தான் போட்டிருந்தது.

சாக்கை மறுபடி பெட்டியில் வைக்கும் முன் ஒரு காரியம் செய்தேன். வகுப்பில் கொடுத்த கறுப்புப் பேனாவை எடுத்து, குடகு என்று இருந்த இடத்துக்குக் கீழே, சாக்குத் துணியில் முனை சிக்கிச் சிக்கி, ஏற்காடு என்று எழுதினேன். நான்கு எழுத்துக்கு நல்ல நேரம் பிடித்தது. இவள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"என்ன எழுதுனீங்க?"

"பரமத்திக்காரன் சொன்னத எழுதினேன்" என்றேன்.

மை காய்ந்ததும், நீ திருப்பிய மாதிரியே எழுத்து உள்ளே போகும்படி திருப்பி, நான்காக மடித்து, போர்வைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.